ஊருணித் தண்ணீரைக் கொட்டாதீர்கள், பாட்டிலில் பிடித்து வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா பற்றி 2024-லிருந்து அடிக்கடி செய்தி வருகிறது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் குளம், ஊருணி என்றாலே பெற்றோருக்குப் பயம் வந்துவிட்டது. தெரியாத தண்ணீரில் குதித்து விளையாடாதே என்று பிள்ளைகளிடம் சொல்வது நியாயம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் என்னிடம் டியூஷனுக்கு வரும் பையன் ஒருவனின் பள்ளியில், அறிவியல் டீச்சர் வகுப்பு ஜன்னலோரம் வைத்திருந்த குளத்துத் தண்ணீர் பாட்டிலை, பெற்றோர் சிலர் வந்து சத்தம் போட்டார்கள் என்று கொட்டச் சொல்லிவிட்டார்களாம். அந்த டீச்சருக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த அமீபாவைப் பேசி முடித்துவிடுவோம். அதன் பெயர் நேக்ளேரியா ஃபௌலரி, ஆஸ்திரேலியாவில் 1965-ல் முதன்முதலாக விவரித்தார்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வளரும். உடம்புக்குள் அது போகிற வழி மூக்கு ஒன்றுதான். மூக்கில் வேகமாக ஏறிய தண்ணீரிலிருந்து வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்குப் போகிறது, அதே தண்ணீரைக் குடித்தால்கூட இந்த நோய் வராது. செய்தி போடும்போது “மூக்கு வழியாக” என்பதைத்தான் எல்லாப் பத்திரிகைகளும் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். பாடப்புத்தகத்தில் நாம் படம் போட்டுப் பாகம் குறித்த அமீபா வேறு இனம். உருவத்தில் நேக்ளேரியா அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மேசையில் மூடி வைத்த பாட்டிலை யாரும் மூக்கில் ஊற்றிக்கொள்ளப் போவதில்லை. அப்புறமும் ஜாக்கிரதையாக இருப்பது தப்பில்லை, அதனால் என் வீட்டில் சில கட்டுப்பாடுகள் உண்டு: குழாயை வாயால் உறிஞ்சக் கூடாது, பாட்டிலில் முகத்தை விட்டு முகரக் கூடாது, கையில் காயம் இருக்கிற பிள்ளை அன்றைக்குத் தண்ணீரைத் தொடக் கூடாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பெற்றோரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க பத்து நிமிஷம் போதும், பாட்டிலைக் கொட்ட வேண்டியதில்லை.

சரி, அந்தப் பாட்டிலில் அப்படி என்னதான் இருக்கிறது?

நான் இருப்பது காரைக்குடிப் பக்கம். இங்கே ஊருக்கு ஊர் ஊருணி உண்டு, குடிக்க ஒன்று, குளிக்க ஒன்று என்று தனித்தனியாக வைத்திருந்த ஊர்களும் உண்டு. என் ஜன்னலில் இருப்பது பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களும், அகல வாய் ஊறுகாய் ஜாடி ஒன்றும். அடியில் விரற்கடை அளவு ஊருணி மண், அதற்கு மேல் ஊருணித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ, உள்ளே இரண்டு துண்டு வேலம்பாசி, மேலே கொசுவலைத் துணியைப் போட்டு ரப்பர் பேண்டு. மொத்தமே இவ்வளவுதான். மோட்டார், ஃபில்டர், கலர் லைட் எதுவும் தேவையில்லை. குழாய்த் தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் ஒரு நாள் திறந்து வைத்து குளோரின் வாடை போன பிறகு ஊற்றலாம். நேர் வெயில் படக் கூடாது, நம் ஊர் வெயிலுக்குச் சின்ன பாட்டில் மதியத்துக்குள் சூடேறி உள்ளே இருப்பதெல்லாம் செத்துப்போகும். வெளிச்சம் வந்தால் போதும். அழுகல் குப்பை நிறையப் போட்டாலும் ஆக்சிஜன் தீர்ந்து சாக்கடை வாடை வந்துவிடும். நன்றாக இருக்கும் பாட்டிலில் மண் வாசனைதான் வரும்.

முக்கியமாக, மீன் விடக் கூடாது. பாட்டில் என்றதும் பிள்ளைகள் கப்பி மீன்தான் கேட்பார்கள். விட்டீர்களானால் நாம் பார்க்க நினைத்ததையெல்லாம் அது சாப்பிட்டுவிடும்.

கோடையில் செய்து பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, எனக்கு இதில்தான் ருசி அதிகம். வற்றிப்போன ஊருணியில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து வந்து, நன்றாகக் காய்ந்த அந்த மண்ணின் மேல் மழைத் தண்ணீரை ஊற்றி வையுங்கள். முதலில் கலங்கும், பிறகு தெளியும், சில நாளில் வெறும் கண்ணுக்கே ஏதேதோ துள்ளுவது தெரியும். யாரும் கொண்டுவந்து விடவில்லை. தண்ணீர் வற்றப் போகிற காலத்தில் டாஃப்னியா, மோய்னா போன்ற தண்ணீர்ப் பூச்சிகள் கெட்டி ஓடு போட்ட முட்டைகளை மண்ணில் விட்டுவிட்டுச் சாகின்றன. மற்றக் காலத்தில் பெரும்பாலும் பெண்கள்தான், ஆண் துணையில்லாமலே குஞ்சு பொரித்துத் தள்ளும். நிலைமை மோசமானால்தான் ஆண்களும் பிறந்து, இணைசேர்ந்து, இந்தக் கெட்டி முட்டைகள் வருகின்றன. மழைக்காக அவை வருஷக்கணக்கில்கூட மண்ணில் காத்துக் கிடக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் அதே மண்ணிலிருந்து ஃபெய்ரி ஷ்ரிம்ப் என்கிற, மல்லாந்து நீந்தும் சின்னஞ்சிறு இறாலும் வரும். ஊருணி தூர்வாரி அடியில் சிமெண்ட் தளம் போடுவதை வளர்ச்சி என்று சொல்கிறவர்கள் இந்தப் பாட்டிலை ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். அந்தத் தளத்துக்கு அடியில் போவது வெறும் மண் இல்லை, அடுத்த மழைக்கான விதை.

மோய்னாவையும் டாஃப்னியாவையும் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எள்ளில் பாதி இருக்கும், உடம்பு கண்ணாடி மாதிரி. சாதாரணப் பள்ளி மைக்ராஸ்கோப்பில் சின்ன லென்ஸை வைத்தாலே முதுகுப் பக்கம் இதயம் படபடவென்று அடிப்பதும், தின்ற பாசி குடலில் பச்சையாக நகர்வதும், அதே முதுகுப் பக்கத்துப் பையில் குஞ்சுகள் புரள்வதும் தெரியும். இதயம் அடிப்பதை எண்ணச் சொன்னால் பிள்ளைகள் தோற்றுப்போவார்கள், அவ்வளவு வேகம். இலியா மெச்னிகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி 1884-ல் இதே டாஃப்னியாவைப் பார்த்துத்தான், உள்ளே புகுந்த பூஞ்சை வித்துகளை இரத்த அணுக்கள் சூழ்ந்து விழுங்குவதை எழுதினார். நோயை எதிர்த்து உடம்பு எப்படிச் சண்டை போடுகிறது என்ற பெரிய விஷயத்துக்குக் குளத்துப் பூச்சி கண்ணாடியாக இருந்தது. 1908-ல் பால் எர்லிக்கோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சென்னை கொளத்தூரில் அலங்கார மீன் வளர்ப்பவர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. மோய்னாவும், இன்ஃபுசோரியா என்கிற நுண்ணுயிர்க் கூட்டமும் இல்லாமல் மீன் குஞ்சை வளர்க்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் செய்வதைப் பிள்ளைகளும் செய்யலாம்: வைக்கோலைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அதில் கொஞ்சம் குளத்துத் தண்ணீரைச் சேர்த்து வைத்தால் முதலில் பாக்டீரியா பெருகித் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும், அதைத் தின்ன மிகச் சின்ன உயிரிகள் வரும், அப்புறம் பாரமீசியம் கூட்டமாக வரும், கடைசியில் அமீபா, தண்டின் நுனியில் மணி கட்டியது போன்ற வோர்டிசெல்லா, வாயைச் சுற்றிச் சக்கரம் சுழல்வது போலத் தெரியும் ரோட்டிஃபர் எல்லாம் தலைகாட்டும். ஒவ்வொன்றும் முன்னது செய்து வைத்த இடத்தில் வந்து உட்காருகிறது. பாரமீசியம் ஓடுகிற ஓட்டத்தில் கண்ணுக்குச் சிக்காது, ஸ்லைடில் நாலு இழை பஞ்சைப் பிரித்துப் போட்டால் அதற்குள் மாட்டிக்கொண்டு நிற்கும். வோர்டிசெல்லாவைப் பார்க்கும்போது மேசையை மெதுவாகத் தட்டிப் பாருங்கள், தண்டு சுருள்கம்பியாகச் சுருண்டு சட்டென்று உள்ளே போய்விடும், பிறகு மெதுவாக நீளும். இந்த ஒன்றுக்கே பிள்ளைகள் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்பார்கள்.

குட்டிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்த ஒருவர், ஜன்னலோர ஜாடியை வைத்து ஐரோப்பாவையே திகைக்க வைத்த கதை ஒன்று உண்டு. ஆபிரகாம் ட்ரெம்ப்ளே ஜெனீவாக்காரர், நெதர்லாந்தில் ஹேக் நகருக்குப் பக்கத்தில் ஒரு பிரபுவின் இரண்டு மகன்களுக்கு ஆசிரியராக இருந்தார். 1740-ல் அங்கிருந்த குளத்துப் பாசியைக் கண்ணாடி ஜாடியில் போட்டு வைத்தபோது பச்சையாக, நுனியில் கைகள் முளைத்த சின்னச் சின்னத் தண்டுகள் தெரிந்தன. செடி என்றுதான் முதலில் நினைத்தார். கைகள் அசைந்தன, சரி, அசைந்தால் மட்டும் போதுமா. பிறகு பார்த்தால் ஜாடியின் வெளிச்சப் பக்கத்தில்தான் அவை கூடி நிற்கின்றன. ஜாடியை அரைவட்டம் திருப்பி வைத்தார், மெல்ல மெல்ல நகர்ந்து மறுபடி வெளிச்சத்துக்கே வந்து சேர்ந்தன. செடியா, பிராணியா என்று தீர்த்துக்கொள்ள ஒன்றை இரண்டாக வெட்டினார், இரண்டு துண்டும் செடியைப் போலவே முழுசாக வளர்ந்தன. அதற்குப் பிறகு சந்தேகம் கூடத்தான் செய்தது. 1744-ல் இதையெல்லாம் புத்தகமாகப் போட்டார். அந்தப் பிராணிதான் நாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் ஹைட்ரா. பள்ளியில் ஹைட்ராவுக்கு மொட்டு விடும் படம் போட்டு மார்க் வாங்கிய எத்தனை பேர் அதை உயிரோடு பார்த்திருப்பார்கள்? ஆகாயத்தாமரையின் வேரைக் கொஞ்சம் வெட்டிப் பாட்டிலில் போட்டு, ஆட்டாமல் அசைக்காமல் வைத்திருந்தால் பாட்டில் சுவரில் ஹைட்ரா ஒட்டியிருப்பதை லென்ஸ் இல்லாமலே பார்க்கலாம், கிடைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் வாய்ப்பு நிறைய. துள்ளி வரும் மோய்னாவை அது தன் கையால் தொட்ட மாத்திரத்தில் மோய்னா செயலற்றுப் போவதைப் பார்த்த பிறகு கொட்டும் செல்களைப் பற்றிப் பாடம் எடுத்தால் யாரும் தூங்க மாட்டார்கள்.

ட்ரெம்ப்ளேக்கும் முன்னாலேயே டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹுக், 1674-ல் பக்கத்து ஏரித் தண்ணீரைத் தானே தேய்த்துச் செய்த லென்ஸில் பார்த்துவிட்டார். மிளகுக்குக் காரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள அதை வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, 1676-ல் அந்தத் தண்ணீரில் எண்ணிலடங்காத உயிர்களைக் கண்டார். காரத்துக்குக் காரணம் கிடைக்கவில்லை.

பாட்டிலில் இன்னொருவர் கட்டாயம் இருப்பார், சைக்ளாப்ஸ். நெற்றியில் ஒற்றைக் கண், பெண்ணுக்கு வாலின் இரண்டு பக்கமும் முட்டைப் பைகள். வீட்டுப் பெரியவர்களிடம் நரம்புச் சிலந்தி நோய் என்று கேட்டுப் பாருங்கள், சிலருக்காவது ஞாபகம் இருக்கும். காலில் கொப்புளம் வந்து, அதற்குள்ளிருந்து நீளமான புழு நாள்கணக்கில் வெளியே வரும். அந்தப் புழுவின் குஞ்சைச் சுமந்த சைக்ளாப்ஸைக் குடிதண்ணீரோடு விழுங்கியவர்களுக்குத்தான் அது வந்தது. தமிழ்நாட்டிலும் இருந்தது, இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில், 2000-ல் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. தடுப்பூசி கிடையாது, மாத்திரையும் கிடையாது. படிக்கிணறுகளை மாற்றினார்கள், மருந்து தெளித்தார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்க வைத்தார்கள். சைக்ளாப்ஸ் துணியில் நின்றுவிடும், அதனால் நோயும் நின்றுவிட்டது. எங்கள் பக்கம் குடத்தின் உள்ளே தேத்தாங்கொட்டையைத் தேய்த்துத் தண்ணீரைத் தெளியவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டிய ஆத்தாக்கள் எந்தப் பூச்சிக்காக அதைச் செய்தோம் என்று தெரியாமலே செய்தார்கள். பிள்ளைகளிடம் பாட்டில் தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்லி, மேலே நின்றதையும் கீழே இறங்கியதையும் தனித்தனி ஸ்லைடில் காட்டினால், குடிதண்ணீரை ஏன் வடிகட்டுகிறோம், வடிகட்டிய பிறகும் ஏன் கொதிக்க வைக்கிறோம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. பாரமீசியம் துணியில் தாராளமாக இறங்கிப் போகும்.

இப்போது கொசு. வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் என் ஜன்னலைப் பார்த்ததும் முகம் சுளித்தார்கள், அவர்கள் வேலை அது, குறை சொல்ல மாட்டேன். டெங்குக் கொசு தேடுவது சாக்கடையை அல்ல, இப்படிப் பாத்திரத்தில் தேங்கிய தெளிந்த நீரைத்தான். அதனால்தான் கொசுவலைத் துணியை எப்போதும் எடுக்கக் கூடாது என்று சொல்கிறேன். குளத்திலிருந்து கொண்டுவரும்போதே புழு வந்திருந்தால் டீ வடிகட்டியால் எடுத்துவிடலாம், தப்பித்தது கொசுவானாலும் துணிக்குள்ளேயே கிடக்கும். அவர்கள் கையில் வைத்திருக்கும், கொசுப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை மட்டும் பாட்டிலில் ஊற்ற விட்டுவிடாதீர்கள். நரம்புச் சிலந்தியை ஒழித்த காலத்தில் சைக்ளாப்ஸைக் கொல்லத் தெளித்ததும் அதே மருந்துதான்.

கொசுவுக்காகக் குளங்களில் கம்பூசியா, கப்பி மீன்களை விடுவது நல்ல திட்டம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த மீன்கள் கொசுப் புழுவோடு நிற்பதில்லை, மோய்னாவையும் தின்னும். பாசியை மேய்ந்து தண்ணீரைத் தெளிவாக வைத்திருப்பது மோய்னாதான், அது போனால் தண்ணீர் பச்சை பிடிக்கும். ஒரே ஊருணித் தண்ணீரை இரண்டு பாட்டிலில் எடுத்து, ஒன்றில் மட்டும் கப்பி விட்டு வைத்துப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லலாம், எது பச்சையாகிறது என்று அவர்களே வந்து சொல்வார்கள். வீட்டுக் கிணற்றுக்கும் தொட்டிக்கும் கப்பி சரி, ஊருணிக்கும் அதே வைத்தியமா என்று யோசித்துச் செய்யுங்கள் என்பதுதான் என் வாதம்.

கருவி? பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளில் மைக்ராஸ்கோப் இருக்கிறது, பீரோவில். சாவி யாரிடம் என்று கேட்டால் லீவில் இருக்கும் ஒருவர் பெயரைச் சொல்வார்கள். பத்து மடங்கு, நாற்பத்தைந்து மடங்கு என்று அதில் இருக்கும் இரண்டு லென்ஸே நான் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் போதும். அதுவும் இல்லையென்றால் மனு பிரகாஷும் ஜிம் சைபுல்ஸ்கியும் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கி 2014-ல் வெளியிட்ட ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது, காகிதத்தை மடித்துச் செய்வது, 140 மடங்கு பெரிதாக்கும், பாரமீசியம் நன்றாகவே தெரியும். காசே செலவு பண்ண முடியாது என்றால் பழைய லேசர் லைட்டின் முன்னால் இருக்கும் சின்ன லென்ஸைக் கழற்றி ஃபோன் கேமரா மேல் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், சைக்ளாப்ஸும் மோய்னாவும் வீடியோவே எடுக்கலாம்.

உங்களிடம் கேட்பது இரண்டு. பள்ளி மாணவர்களுக்கென்று நீங்கள் கொடுக்கும் பக்கத்தில் ராக்கெட்டும் கருந்துளையும் வருகிற அளவுக்கு இல்லாவிட்டாலும், வாரம் ஒரு குளத்து உயிரியின் படம் போடுங்கள், பிள்ளைகள் தாங்களே எடுத்த படமாக இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த முறை அமீபா செய்தி வரும்போது, பள்ளிகளில் ஜாடி வைத்துப் பார்ப்பதில் ஆபத்து இல்லை, என்னென்ன கவனிக்க வேண்டும் என்று ஒரு பொதுச் சுகாதார மருத்துவரிடம் கேட்டு நாலு வரி சேர்த்துப் போடுங்கள். அந்தப் பள்ளி டீச்சர் அதை வெட்டித் தலைமையாசிரியரிடம் காட்டுவார்.

பள்ளிகளுக்கும் ஒன்று: சித்திரை, வைகாசியில் ஊருணி வற்றியிருக்கும்போதே ஒரு டப்பா மண் எடுத்து, ஊர் பேரும் தேதியும் எழுதி நிழலில் காயவைத்து விடுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
காரைக்குடி